வட்டத்துக்குள் ஒரு புள்ளி



அரபுக் கல்லூரியில் நாங்கள் ஓதிய காலத்தில் வியாழக்கிழமை அஸருக்குப் பின்னர் ஒரு வேலை இருந்தது. அந்த வாரம் கொப்பியில் எழுதியவற்றை இருவர் இருவராக அமர்ந்து ஒப்புநோக்க வேண்டும். ஒருவர் மூலக் கிதாபைக் கையில் வைத்துக்கொண்டு உரத்து வாசிப்பார். மற்றவர் தன் கொப்பியில் எழுத்தெழுத்தாக விரலை ஓட்டிச் செல்வார். இதற்கு முகாபலா என்று பெயர். ஹதீஸ் கலை அறிஞர்கள் இதனை எழுத்து வேலையின் ஒரு பகுதியாகவே கருதினார்கள். தாபிஈன்களில் ஒருவரான உர்வா இப்னு ஸுபைர் (ரஹ்) அவர்கள் தமது மகன் ஹிஷாமிடம், எழுதியதை ஒப்புநோக்கியாயிற்றா என்று கேட்டார்கள். இல்லை என்று மகன் சொன்னதும், அவ்வாறாயின் நீ எழுதியதாகவே ஆகாது என்ற கருத்தில் பதில் சொன்னதாக நாங்கள் பாடத்தில் படித்தோம்.

ஹதீஸ் பிரதிகளில் ஒரு ஹதீஸுக்கும் அடுத்ததற்கும் இடையில் சிறிய வட்டம் ஒன்று இடுவது பழைய வழக்கம். அந்த வட்டத்தை முதலில் வெறுமையாக விட்டு, முகாபலா முடிந்த பின்னரே அதனுள் ஒரு புள்ளி வைக்க வேண்டும் என்பது கதீப் அல்-பக்தாதி (ரஹ்) அவர்கள் விரும்பிய முறை. எங்கள் உஸ்தாத் அதே வழக்கத்தை எமது கொப்பிகளிலும் வைத்திருந்தார். வெறும் வட்டத்துக்குப் பக்கத்தில் பிழை கண்டால் ஒன்றும் சொல்லமாட்டார். புள்ளி வைத்த வட்டத்துக்குப் பக்கத்தில் பிழை கண்டால்தான் பிரம்பைத் தேடுவார். பிழை எழுதியவருக்கு மன்னிப்பு உண்டு, பார்க்காமல் பார்த்தேன் என்றவருக்கு இல்லை என்பது அவரது சட்டம்.

இருபது வருடங்களுக்குப் பின்னர், ஒரு கணனியின் முன்னால் அமர்ந்து நான் அப்படியொரு பொய்ப் புள்ளியை வைத்தேன். அதனால் ஒரு மூத்தம்மாவின் கிதாபில் நான்கு பக்கங்கள் இன்று உலகில் இல்லை. அதைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

மௌலவிக்கும் கணனிக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். கல்லூரிக்கு யாரோ தந்த பழைய கணனிகளில் விலை கொடுத்து வாங்கும் மென்பொருள் ஏற வழியில்லாமல், லினக்ஸ் என்ற இலவச மென்பொருளை ஏற்றினோம். பரீட்சைப் புள்ளிகளைப் பாதுகாக்க வேண்டியிருந்ததால் நானே சிறிது சிறிதாகப் பழகிக்கொண்டேன். இத்தகைய மென்பொருளைத் திறந்த மூல மென்பொருள் என்பார்கள். அதன் உள்ளெழுத்து எவரும் வாசிக்கவும் திருத்தவும் திறந்து கிடக்கும். பின்லாந்து மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய லினக்ஸ் அப்படி வளர்ந்ததே. நமது நாட்டுக்கும் இது புதிதன்று. 2004 டிசம்பர் 26 கடல்கோளுக்குப் பின்னர் காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவதற்காக இலங்கைத் தொண்டர்கள் எழுதிய சஹானா என்னும் மென்பொருள் இவ்விதம் திறந்து வைக்கப்பட்டு வேறு நாடுகளின் அனர்த்தங்களிலும் பயன்பட்டது.

எங்களுடைய வேலை அத்தனை பெரியதன்று. என்னிடம் ஓதிய ஒருவர் வெளிநாட்டில் தொழில் செய்துகொண்டே தொடங்கியது. வீடுகளில் கிடக்கும் பழைய அரபுத் தமிழ் ஏடுகளைப் படம் எடுத்து, பக்கங்களுக்கு இலக்கமிட்டு, இரண்டு இடங்களில் சேமிப்பதற்கான சில சிறிய கட்டளைக் கோவைகள். அரபு எழுத்தில் தமிழை எழுதிய அந்த ஏடுகளை எமது பாட்டிமார் தடையின்றி வாசித்தார்கள். இன்று எமது பிள்ளைகளுக்கு அவை திறந்தும் திறவாத பெட்டிகள். ஐந்தாறு பேர் இதில் ஈடுபட்டிருக்கிறோம். முன்பின் அறியாதவர்களும் எங்கிருந்தோ ஒரு பிழையைக் கண்டு திருத்தம் அனுப்புவார்கள். அனுப்பப்படும் திருத்தம் தானாகச் சேர்ந்துவிடாது. எங்களில் ஒருவர் அதனை வாசித்து, சரி என்று ஒப்புதல் இட்டால்தான் சேரும். ஒப்புதல் இட்டவரின் பெயர் அந்தத் திருத்தத்தோடு என்றும் நிற்கும். ஸனதில் ஓர் அறிவிப்பாளரின் பெயர் நிற்பதைப் போலத்தான்.

அந்தக் கட்டளைக் கோவைகளை ஷெல் ஸ்கிரிப்ட் என்பார்கள். வீட்டிலுள்ளோருக்கு விளங்கும்படி சொல்வதானால், அது வட்டிலப்பத்துக்கு எழுதிவைத்த செய்முறைத் துண்டு. முட்டையை உடை, கித்துள் கருப்பட்டியைக் கரை, தேங்காய்ப் பாலைப் பார், புளிக்காமல் இருந்தால் மாத்திரம் முட்டையில் ஊற்று. வரி வரியாக அவ்வளவுதான். ஆனால் வட்டிலப்பம் செய்பவர் உங்கள் மனைவியோ தாயோ அல்லர். எழுதியதை எழுதியபடி செய்யும், மணம் அறியாத, வாய் திறந்து கேட்காத ஒரு வேலையாள். அவனுக்கு "புளிக்காமல் இருந்தால் மாத்திரம்" என்று எழுதாவிட்டால், புளித்த பாலைத்தான் ஊற்றுவான். ஊற்றிவிட்டு, வட்டிலப்பம் தயார் என்றும் சொல்வான்.

எங்கள் கோவையில் ஒரு வரி இருந்தது. கெமராவின் நினைவக அட்டையிலுள்ள படங்களை வன்தட்டில் பிரதி எடு. அது சரியாக முடிந்தால் மாத்திரம் அட்டையிலுள்ளவற்றை அழித்துவிடு. இந்த "சரியாக முடிந்தால் மாத்திரம்" என்பதை ஷெல்லின் மொழியில் இரண்டு அன்ட் குறிகளால் எழுதுவார்கள். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சிறிய சுழிகள், வேறொன்றுமில்லை.

2022 மார்ச் மாதக் கடைசியில் ஒரு திருத்தம் வந்தது. வரி நீளமாக இருப்பதால் வாசிக்கக் கடினமாக உள்ளது, இரண்டு வரியாகப் பிரித்திருக்கிறேன் என்று ஒரு மரியாதையான குறிப்பு. அனுப்பியவர் எந்த நாட்டவரென்றும் எனக்குத் தெரியாது. எங்களுக்கு அவர் அனுப்பிய முதலாவது திருத்தம் அது. முதல் வரியில் பிரதி எடு. இரண்டாவது வரியில் அழி. பிரித்தபோது அந்த இரண்டு சுழிகளும் விழுந்துவிட்டன.

அந்த நாட்களை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். மின்வெட்டு ஒரு நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை போன காலம். எங்கள் பகுதியின் முறை வருவதற்குச் சில நிமிடங்களே இருந்தன. ரமழானுக்கு முந்திய வாரம் என்பதால் பள்ளிவாசல் வேலையும் தலைக்கு மேல். திரையில் இரண்டே வரிகள். சின்னத் திருத்தம்தானே என்று ஒப்புதல் இட்டேன். மின்சாரமும் நின்றது. இன்று யோசிக்கும்போது, இருநூறு வரித் திருத்தமாக இருந்திருந்தால் மறுநாளைக்கு ஒதுக்கி வைத்திருப்பேன் என்று நினைக்கிறேன். சிறிதாக இருந்ததே அதற்குக் கதவைத் திறந்துவிட்டது.

நோன்புப் பெருநாள் கழிந்து மே மாதத்தில், எமது மாணவர் ஒருவர் அம்பாறை மாவட்டத்துக் கரையோரக் கிராமமொன்றில் ஒரு மூத்தம்மாவின் வீட்டுக்குப் போனார். எண்பதைத் தாண்டியவர். அவருடைய தாயார் கையால் எழுதிய மாலை ஒன்று ஐம்பத்தொன்பது தாள்களில் இருந்தது. பேரப்பிள்ளை இரண்டு மாதம் பேசித்தான் அவரை இணங்கவைத்தார். மாணவர் நூற்றுப் பதினெட்டுப் பக்கங்களையும் படம் எடுத்து, அட்டையை மடிக்கணனியில் செருகி, எமது கோவையை ஓடவிட்டார். வன்தட்டில் இடம் நிறைந்திருந்தது. பிரதி எடுக்க முடியவில்லை என்ற செய்தி திரையில் மின்னி மேலே ஓடியது. அடுத்த வரி தன் கடமையைச் செய்தது. கடைசியில், முடிந்தது என்று எழுதிக் காட்டியது. அவர் அல்ஹம்துலில்லாஹ் சொல்லி மடிக்கணனியை மூடினார். மறுநாள் வேறொரு வீட்டில் அதே அட்டையில் வேறு படங்கள் எடுத்தார்.

படங்கள் இல்லை என்பது வெள்ளிக்கிழமைதான் தெரிந்தது. அழிந்த படங்களை அட்டையிலிருந்து தோண்டி எடுக்கும் போட்டோரெக் என்ற இலவச மென்பொருள் உண்டு. இரண்டு இரவுகள் அதனோடு போராடினோம். மறுநாள் எடுத்த படங்கள் ஏறியமர்ந்த இடங்கள் போக, அறுபத்தேழு பக்கங்கள் மீண்டன. ஐம்பத்தொன்று போய்விட்டன.

மாணவர் என் முன்னால் வந்து நின்ற கோலத்தை எழுத எனக்கு மனமில்லை. "ஹஸரத், நான்தான் என்னமோ பிழையா அழுத்திட்டன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன், அல்லாஹ் மன்னிக்கட்டும். அவர் போன பின்னர் கோவையைத் திறந்து பார்த்தேன். இரண்டு வரிகள். பிரித்தவரின் பெயர். அதற்குக் கீழே, சரிபார்த்தவர் என்று என் பெயர்.

அன்றிரவு அந்த முகமறியாத மனிதருக்கு ஒரு கடிதம் எழுதினேன். கடுமையான கடிதம். ஸுப்ஹுக்குப் பின்னர் வாசித்துப் பார்த்து அழித்தேன். உஸ்தாத் இருந்திருந்தால் எந்தக் கையைப் பிரம்பால் தட்டியிருப்பார் என்பது எனக்குத் தெரியும். மாணவரை அழைத்துத் திரையைக் காட்டி, பிழை உங்களுடையது அன்று, இது என்னுடைய புள்ளி என்று சொன்னேன். பின்னர் அந்த மனிதருக்கு நடந்ததைச் சுருக்கமாக எழுதினேன். இரண்டு நாட்களில் பதில் வந்தது. வருத்தம் தெரிவித்ததோடு நிற்காமல் புதிய திருத்தம் ஒன்றும் அனுப்பியிருந்தார். சுழிகளைத் திரும்ப வைத்ததுடன், அழிப்பதற்கு முன்னர் மூலத்தையும் பிரதியையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் கட்டளை ஒன்றைச் சேர்த்திருந்தார். ஷெல்லில் அதற்கு சி.எம்.பி. என்று பெயர். நான் ஓதிய முகாபலாவை ஒரு கட்டளையாக எழுதி என் முன்னாலேயே வைத்துவிட்டார்!

இம்முறை மூன்று நாட்கள் எடுத்து வாசித்தேன். நன்றாகவே இருந்தது. ஒப்புதல் இடப் போகும் நேரத்தில் மாணவர் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "ஹஸரத், அட்டையை நாம ஏன் அழிக்கணும்? அத எடுத்த ஆள் பார்த்துட்டு கையால அழிச்சா என்ன?" என்று கேட்டார். எங்கள் இருவருக்கும் வராத கேள்வி. அழிக்கும் வரியை எப்படித் திருத்துவது என்று இரண்டு பெரியவர்கள் நாடு கடந்து பேசிக்கொண்டிருந்தோமே தவிர, அந்த வரி வேண்டுமா என்று கேட்கவில்லை. வரியையே எடுத்துவிட்டோம். ஒப்பிடும் கட்டளை மாத்திரம் இருக்கிறது.

மனதைத் தேற்றிக்கொள்வதற்காகப் பிறருடைய பிழைகளைத் தேடி வாசித்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். மேலானதொரு பழக்கமன்று, ஆனால் நிறையக் கற்றுக்கொண்டேன். 2011இல் பம்பிள்பீ என்ற சிறிய மென்பொருளின் நிறுவும் கோவையில், அழிக்க வேண்டிய கோப்புறையின் முகவரிக்கு நடுவில் ஓர் இடைவெளி விழுந்துவிட்டது. ஒரேயோர் இடைவெளி. கணனி அதனை ஒரு முகவரியாக எடுக்காமல் இரண்டாக எடுத்தது. முன்பாதி, யு.எஸ்.ஆர். என்ற கோப்புறை. லினக்ஸ் கணனியின் பெரும்பாலான மென்பொருட்கள் குடியிருக்கும் இடம். நிறுவியவர்களின் கணனிகளில் அது முழுவதுமாகத் துடைக்கப்பட்டது. 2015 ஜனவரியில் ஸ்டீம் என்ற விளையாட்டு மென்பொருளின் லினக்ஸ் கோவையில் இன்னொன்று. தன் கோப்புறை எங்கே என்று கோவை தேடி, அந்த முகவரியை ஒரு பெயருக்குள் வைத்துக்கொண்டு, "இந்த முகவரிக்குக் கீழே உள்ள அனைத்தையும் அழி" என்றது. கோப்புறை இடம்மாறியிருந்தபோது முகவரி வெறுமையாகிப் போனது. வெறுமைக்குக் கீழே உள்ள அனைத்தும் என்றால் கணனியில் உள்ள அனைத்தும். ஒருவருக்குப் பாதுகாப்புக்காகப் பிரதி வைத்திருந்த வெளித் தட்டும் சேர்ந்து போனது. அந்த வரிக்கு மேலே, இது பயமாக இருக்கிறது என்ற பொருளில் எழுதியவரே ஒரு குறிப்பும் வைத்திருந்தார். பயந்தவர் ஒருவர் இருந்தார், நின்று கேட்டவர் இருக்கவில்லை.

பாஷ் என்ற ஷெல்லின் கதை இன்னும் பெரியது. 1989இல் உள்ளே புகுந்த பிழை ஒன்று கால் நூற்றாண்டு கழித்து, 2014 செப்டெம்பரில்தான் ஸ்டெஃபான் ஷாஸ்லா என்பவரின் கண்ணில் பட்டது. உலகத்தின் ஏராளமான கணனிகள் நிற்கும் அத்திவாரத்தில் இருந்த ஓட்டை. அவசரமாக ஒரு திருத்தம் வெளியிட்டார்கள். அது ஓட்டையை முழுவதும் அடைக்கவில்லை என்று உடனேயே தெரியவந்து, அடுத்தடுத்து மேலும் திருத்தங்கள் தேவைப்பட்டன. திருத்தத்துக்கும் திருத்தம் வேண்டியிருக்கிறது என்பதை அன்று உலகமே பார்த்தது.

இவையெல்லாம் கவனக் குறைவு. 2024 ரமழானில் வெளிவந்தது வேறு விதம். எக்ஸ்.இஸட் என்ற சுருக்கும் மென்பொருளைப் பல வருடங்களாக ஒருவர்தான் தமது ஓய்வு நேரத்தில் பராமரித்து வந்தார். அவருக்குக் களைப்பு. வேலை தாமதமாகிறது என்று சிலர் நெருக்கினார்கள். 2021 முதல் ஒருவர் வந்து சிறிய, நல்ல திருத்தங்களாக அனுப்பி, பொறுமையாக நம்பிக்கையைச் சம்பாதித்து, இறுதியில் ஒப்புதல் இடும் இடத்துக்கே வந்துவிட்டார். பின்னர் சோதனைக் கோப்புகளுக்குள் நஞ்சை ஒளித்து, அதனை விழிக்கச் செய்யும் ஷெல் வரிகளை வெளியீட்டுப் பொதியில் மாத்திரம் சேர்த்தார். எல்லோரும் வாசிக்கும் மூலத்தில் அந்த விழிக்கும் வரிகள் இல்லை. பாதுகாப்பு வசதி ஒன்றை இயங்காமற் செய்ய அவர் வேறோரிடத்தில் செருகியது ஒற்றை முற்றுப்புள்ளி! தூரத்துக் கணனிக்குள் நுழைய வழமையைவிட அரைச் செக்கன் கூடுதலாக எடுப்பதைக் கவனித்த அன்ட்ரெஸ் ஃப்ரொயின்ட் என்ற பொறியியலாளர், அற்ப விடயம் என்று விடாமல் தோண்டியதால் மார்ச் 29இல் அது அம்பலமானது. பிறை பதினெட்டு, தராவீஹ் தொழுதுவிட்டு வந்து அச்செய்தியை வாசித்த எனக்கு, ஜர்ஹ் வ தஃதீல் பாடம் முழுவதும் ஒரு முறை கண்முன்னால் ஓடியது. ஆளை அறிந்தால் போதாது, மத்னையும் பார்க்க வேண்டும். மத்ன் சரியாகத் தெரிந்தாலும் கையில் உள்ள பிரதி அதே மூலத்திலிருந்து வந்ததா என்று பார்க்க வேண்டும். நமது முன்னோர் இவற்றை ஏன் தனித் தனிக் கலைகளாக வளர்த்தார்கள் என்று மாணவர் கேட்டால், இப்போது நான் இந்த உதாரணத்தைச் சொல்கிறேன்.

ஆனால் அந்தச் செய்தியை வாசித்தவன் எல்லோரையும் சந்தேகிக்கத் தொடங்கினால் என்னவாகும் என்பதற்கும் நானே சாட்சி. எங்கள் தெருவிலுள்ள ஒரு சகோதரரின் மகள் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவில் படிப்பவர். எமது கோவையில் ஒரு விநோதமான எழுத்தைக் கண்டிருக்கிறார். ஒரு பெயர் வெறுமையா என்று பார்க்கும் இடத்தில், இரு பக்கமும் தேவையில்லாமல் எக்ஸ் என்ற எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தது. அதை நீக்கி அனுப்பினார். ஹதீஸ் பிரதிகளில் அறிவிப்பு சரியாக இருந்தும் சொல் பிழைபோலத் தோன்றும் இடத்தில், அதனை அடித்துத் திருத்தாமல், மேலே ழப்பா என்ற கோடொன்றை மாத்திரம் இட்டு விட்டுவிடுவார்கள். எமக்கு விளங்காத சரியான காரணம் பின்னால் வருபவருக்கு விளங்கக்கூடும் என்பதற்காக. அந்தப் பாடம் எனக்கு நினைவிருந்தது. அந்த எக்ஸுக்கும் காரணம் இருந்தது. பழைய ஷெல்கள் சிலவற்றில் பெயருக்குள் அடைப்புக்குறி போன்ற ஏதாவது இருந்தால் ஒப்பீடு தடுமாறும், அதைத் தடுக்க அந்நாளையவர்கள் ஓர் எழுத்தை முன்னால் ஒட்டினார்கள். ஆகவே நான் அந்தப் பிள்ளையிடம் கேட்டேன், இது எந்த ஷெல்லில் ஓடும், அந்த ஷெல்லில் சோதித்தீர்களா, இதற்கு என்ன ஆதாரம் என்று. பதில் வந்தது. மேலும் கேட்டேன். அதற்கும் பதில் வந்தது. ஆறு வாரம். நான் செய்யவேண்டிய சோதனை பத்து நிமிட வேலை. எம்மிடம் உள்ள கணனிகள் எதிலும் அந்தப் பழைய ஷெல் இல்லை. என்றாலும் கேள்வி கேட்பதையே வேலை செய்வதாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒரு ஜும்ஆவுக்குப் பின்னர் அவருடைய தகப்பன் செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னார்: "ஹஸரத், மகள் அனுப்பின ஒண்டு உங்கட கையில கிடக்காமே. பிழையெண்டா பிழையெண்டு சொல்லிருங்க, புள்ள படிப்பப் பாக்கட்டும்."

அன்றே சோதித்தேன். சரியாக இருந்தது. ஒப்புதல் இட்டு, தாமதத்துக்கு என்னைப் பொறுத்துக்கொள்ளும்படியும் எழுதினேன். ஆனால் அதன் பின்னர் ஏறத்தாழ ஒரு வருடம் அவரிடமிருந்து எதுவும் வரவில்லை. அவசரமாக வைத்த புள்ளியால் பக்கங்களை இழந்தேன், வைக்காமல் இழுத்த புள்ளியால் ஒரு கையை இழக்கப் பார்த்தேன். இரண்டிலும் நான் என் முன்னால் இருந்த வரியை வாசிக்கவில்லை. முதல் தடவை அதன் சிறுமையைப் பார்த்தேன், இரண்டாம் தடவை என் பயத்தைப் பார்த்தேன்.

இப்போது என்னிடம் ஒரு சிறிய பழக்கம் இருக்கிறது. வாசிப்பதற்கு முன்னர், இந்த வரி எதைத் தொடும் என்று ஒரு துண்டில் எழுதுவேன். எழுத்துகளை மாற்றுவதென்றால் ஒரு தடவை வாசிப்பு. அழிப்பது, நகர்த்துவது, ஒன்றின்மேல் ஒன்றை எழுதுவது என்றால் ஒரு வரியாக இருந்தாலும் அடுத்த நாள். நீக்கப்பட்டவற்றைச் சேர்க்கப்பட்டவற்றுக்கு முன்னர் வாசிக்கிறேன். புதிதாக வந்தது கண்ணைப் பறிக்கும், விழுந்துபோனது சத்தம் போடாது. ஷெல்செக் என்ற மென்பொருள் மேற்கோள் குறி விடுபட்ட இடங்களை எனக்கு முன்னரே கண்டு சொல்லிவிடும். அது நல்ல உதவியாளன். ஆனால் அன்றைய இரண்டு வரிகளை அதனிடம் கொடுத்திருந்தால் ஒன்றும் சொல்லியிருக்காது என்றே நினைக்கிறேன், ஏனெனில் இலக்கணத்தில் அவற்றில் குறையில்லை. கடைசியாக, நிறைந்த தட்டொன்றில் ஒரு தடவை, வெறுமையான கோப்புறையில் ஒரு தடவை, பெயரில் இடைவெளி உள்ள கோப்புறையில் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கிறேன்.

மூத்தம்மாவின் வீட்டுக்கு நாங்கள் திரும்பப் போனது டிசம்பரில். அந்த நடுப்பகுதியில் எரிபொருள் இல்லாத மாதங்கள் இருந்தன. உண்மைதான். ஆனால் கியூ.ஆர். முறை வந்து பெற்றோல் கிடைக்கத் தொடங்கிய பின்னரும், பரீட்சை, வகுப்பு என்று நாளைக் கடத்தியது நான்தான். அவரிடம் என்ன சொல்வது என்று தெரியாததே அசல் காரணம். போனபோது வாடை மழை பிடித்துக்கொண்டிருந்தது. ஓட்டு ஒழுக்கில் பெட்டி நனைந்து, ஐந்து தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி மை கலந்துவிட்டிருந்தது. பத்துப் பக்கங்கள். அவற்றில் ஆறு, மீண்ட படங்களுக்குள் இருந்தன. நான்கு இல்லை.

நடந்ததை முழுவதும் சொன்னேன். அவருக்குக் கணனி விளங்கவில்லை, பார்க்காமல் பார்த்தேன் என்று சொன்னது மாத்திரம் விளங்கியது. கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எங்கும்மா எழுதி முடிச்சா எனக்கிட்ட வாசிக்கத் தருவா, மௌலவி. நான் வாசிச்சிட்டன் எண்டு பொய் சொன்னா, எந்தப் பக்கத்தில ஒட்டு வெச்சிரிக்கி எண்டு கேப்பா" என்றார். பிறகு, மற்றத் தாள்களைப் படம் எடுக்கச் சொல்லிவிட்டு, அந்த நான்கு பக்கத்தில் தமக்கு மனனமானதைச் சொல்லத் தொடங்கினார். மாணவர் எழுதினார். மூன்று இடங்களில் அவருக்கே ஐயம். அந்த மூன்று இடங்களுக்கு மேலும் ழப்பா இட்டிருக்கிறோம்.

மூத்தம்மா அடுத்த வருடம் வபாத்தானார்கள். அல்லாஹ் அவர்களது கப்ரை விசாலமாக்குவானாக.

இதை எழுதும் இரவில் ஒரு திருத்தம் காத்திருக்கிறது. அந்தப் பிள்ளைதான் மீண்டும் அனுப்பியிருக்கிறார். ஒரே வரி, கோப்புறைப் பெயரின் இரு பக்கமும் இரண்டு மேற்கோள் குறிகள். பரீட்சைக்காக நான் வைத்திருக்கும் கோப்புறையின் பெயர் "மூத்தம்மா கிதாபு". நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது. நிறைந்த தட்டில் ஓட்டினேன், சரி. இடைவெளியோடு ஓட்டினேன், சரி. வெறுமையான கோப்புறையில், இல்லாத ஒரு படத்தைத் தேடி நின்றுவிட்டது. அவர் மாற்றிய வரியில் அன்று, அதற்கு மேலே நான் எழுதிய பழைய வரியில். அதைச் சொல்லி இப்போதுதான் அவருக்கு எழுதினேன், உங்கள் வரி சரி, என்னுடையதைக் கொஞ்சம் பார்த்துத் தருவீர்களா என்று.

வஸ்ஸலாம்.